நிற்கத் தெரிந்த மெஷின்

டேப் அண்ணனுக்கு அந்தப் பெயர் வந்ததில் ஆச்சரியம் எதுவும் இல்லை. காலையில் பேண்ட் போடும்போதே பெல்ட்டில் இரும்பு டேப்பையும் மாட்டிக்கொள்கிறவர் அவர். கல்யாணமான புதிதில் மாமனார் வீட்டுக்குப் போனவர், சாப்பாடு வருவதற்குள் அறைக் கதவின் அகலத்தை அளந்துவிட்டு, "இதுல அந்த பீரோ எப்படி உள்ள வந்துச்சு?" என்று கேட்டாராம். பிரித்துக் கொண்டுவந்து உள்ளே வைத்து மறுபடி மாட்டினோம் என்று அவர்கள் விளக்கிய பிறகுதான் சாப்பிட உட்கார்ந்தார். மாமனார் அன்றைக்கே மகளைத் தனியாகக் கூப்பிட்டு, "ஆளு தங்கம்தான், ஆனா கேள்வி கேட்டே உன் உயிரை வாங்கிடுவான்" என்று எச்சரித்து வைத்தார்.

இளவயதில் பன்னிரண்டு வருஷம் மரச்சாமான் பட்டறையில் இருந்தார். இழைப்புத் தூள் நெஞ்சில் இறங்கி இருமல் நிற்காமல் போக, காற்றாட இருக்கிற வேலையாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னார் டாக்டர். அறுத்த மரத்தை விட்டு நிற்கிற மரத்துக்கு வந்தார். பதினெட்டு வருஷமாக இடுப்பில் கயிறு கட்டி மரமேறிக் கிளை கழிக்கிறார். தெருவோர மரம், பள்ளிக்கூட மரம், வீட்டுத் தோட்டத்து மரம் என்று எல்லாம் உண்டு. சம்சாரம் முன்பு பள்ளி வேன் ஓட்டியவர். இப்போது இவர்களுடைய பிக்கப்பை ஓட்டுவதும், போனை எடுப்பதும், எந்த நாளில் எந்தத் தெரு என்று முடிவு செய்வதும் அவர்தான். சம்சாரத்தின் தம்பி, அதாவது மச்சினன், கீழே நிற்பான். ஒன்பது வருஷப் பழக்கத்தில், மேலே நிமிர்ந்து பார்க்காமலே அடுத்த கிளை எந்தப் பக்கம் விழும் என்று சொல்லிவிடுவான்.

மரம் ஏறுவதைப் பார்க்கத்தான் தெருவில் கூட்டம் கூடும். ஆனால் பாதி வேலை கீழேதான். நிற்கும்போது ஒதுக்கமாகத் தெரிகிற மரம், கழித்துப் போட்டால் தெரு முழுக்கப் படுத்துக்கொள்ளும். அதைத் தூளாக்கி வண்டியில் ஏற்றத்தான் சிப்பர். கடைக்காரர்கள் அப்படிச் சொல்வார்கள். இவர்கள் வாயில் அது அரவை மெஷின். தகரத்தில் ஒரு பெரிய வாய். அதில் கிளையை வைத்தால், உள்ளே இருக்கும் பல் வைத்த உருளைகள் கவ்வி இழுக்கும். பின்னால் சுற்றுகிற கத்திகள் சீவித் தள்ளும். வளைந்த குழாய் வழியாகத் தூள் வண்டிக்குள் கொட்டும். வாயின் விளிம்பில் ஒரு சிவப்புக் கம்பி இருக்கும். யாராவது உடம்பால் இடித்தால் போதும், உருளைகள் அந்த நொடியே நின்றுவிடும். மறுபடி ஓட வேண்டுமென்றால் பக்கத்துப் பொத்தானை அமுக்க வேண்டும்.

நாலு வாரத்துக்கு முன்னால் அது நிற்கவில்லை. காகிதப்பூக் கிளையின் முள் மச்சினனின் கையுறையில் மாட்டிக்கொண்டது. உருளை கிளையை இழுத்தது, கிளை கையுறையை இழுத்தது, கையுறை கையை இழுத்தது. மச்சினன் இடுப்பால் சிவப்புக் கம்பியை இடித்தான். உருளை ஓடிக்கொண்டே இருந்தது. இன்னொரு தடவை இடித்தான். தோள்வரை வாய்க்குள் போன நேரத்தில் கையுறை கழன்று, ஆள் பின்னால் சாய்ந்து தரையில் விழுந்தான். உலகத்தில் எல்லாவற்றையும் அளக்கிற டேப் அண்ணன் அந்தக் கையுறையை மட்டும் அளக்காமல் ஒரு சைஸ் பெரியதாக வாங்கி வந்திருந்தார். அதைச் சொல்லிச் சொல்லியே மச்சினன் ஒரு மாதம் அவரைக் கேலி செய்திருந்தான். கை தப்பியது. கையுறை நார் நாராகக் குழாய் வழியே வண்டிக்குள் விழுந்தது.

டேப் அண்ணன் மரத்திலிருந்து எப்படி இறங்கினார் என்று அவருக்கே ஞாபகம் இல்லை. மெஷினை அணைத்துவிட்டுத் திரும்பியபோது மச்சினன் தரையில் உட்கார்ந்தபடி கேட்டான்.

"மாமா, மெஷின் ஏன் நிக்கல?"

"பழைய மெஷின் மாப்ள... அதான்..." என்று இழுத்தார்.

மறுநாள் அவன் வேலைக்கு வரவில்லை. சண்டை ஒன்றும் இல்லை. அக்காவுக்குப் போன் செய்து நிதானமாகத்தான் சொன்னான். "குடோன்ல அட்டைப்பெட்டி அடுக்குற வேலை இருக்குன்னு ஒருத்தன் கூப்பிடறான்க்கா. மாசக் கடைசி வரைக்கும் பாக்கறேன். மெஷின் ஏன் நிக்கலன்னு மாமா கண்டுபிடிச்சு சொல்லட்டும். சொன்னா வரேன், இல்லேன்னா பெட்டி அடுக்கப் போறேன்."

அடுத்த மாதம் முதல் தேதி ஆஸ்பத்திரி வளாகத்து வேலை ஆரம்பம். அறுபது மரம். மச்சினன் இல்லாமல் அதில் ஒரு மரம்கூட ஆகாது. வேலை போனால் இன்னொன்று வரும், ஆள் போனால்? சம்சாரம் பழைய மெஷினைக் கொல்லையில் தள்ளி, தார்ப்பாயால் மூடினார். "இது இனிமே எந்தத் தெருவுக்கும் வராது. வேற பாருங்க. பெருசு சின்னதெல்லாம் உங்க இஷ்டம். என் தம்பி கை உள்ள போனா, போன மாதிரியே வெளிய வரணும். அவ்வளவுதான்."

டேப் அண்ணனுக்கு இதைவிட நல்ல சாக்கு எது? நோட்டு ஒன்றை எடுத்தார். கூலிக்கு ஆள் வைத்துச் சின்னச் சின்ன வேலைகளாகப் பார்த்து, மெஷின் இல்லாமல் கிளைகளைக் கையால் அள்ளி ஏற்றிய பதினோரு நாளும், வெட்டிய ஒவ்வொரு கிளையையும் அளந்தார். நானூற்று முப்பது கிளைகள். எட்டங்குலம் விழுங்கும், பத்தங்குலம் விழுங்கும் என்று விளம்பரம் செய்கிறார்களே, அவ்வளவு கனம் தன்னிடம் எத்தனை இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசை. எண்ணினால் ஒன்பதே ஒன்பது. அந்த ஒன்பதையும் துண்டு போட்டு விறகாக ஏற்றிவிடலாம். மீதி எல்லாம் மணிக்கட்டுக் கனம்கூட இல்லை. ஆனால் இரண்டுக்கு ஒன்று கவட்டை, இரண்டாகப் பிரிந்து விரிகிற கிளை. கனம் இரண்டு அங்குலம், விரிவோ முழங்கையிலிருந்து விரல்நுனி வரை! "இத்தனை வருஷமா கனத்தை மட்டும் பாத்துட்டு இருந்திருக்கேன் பாரு. வாய்ல இடிக்கிறது கனம் இல்ல, கவட்டை" என்று சம்சாரத்திடம் அதிசயமாகச் சொன்னார்.

கவட்டை கிளப்பிய கேள்விகள் நோட்டில் வரிசையாக ஏறின. பிக்கப் இழுக்கிற எடையா? கொல்லைப்பக்கக் கேட்டுகளில் நுழையுமா? இதற்காக எட்டு பழைய வாடிக்கையாளர் வீட்டுக் கேட்டுகளை அளந்து வந்தார். ஒரு வீட்டில் நாய் விரட்டியது. அலங்காரப் பனையின் மட்டை நார் உருளையில் சுற்றிக்கொள்ளுமா? கத்தி மாற்ற ஒரு ஆள் போதுமா? எஞ்சின் திணறினால் உருளை தானாகக் காத்திருக்குமா, இல்லை திணிக்குமா? சத்தம் ஆஸ்பத்திரிக்கு ஆகுமா? மொத்தம் இருபத்தேழு கேள்வி.

சம்சாரம் சாப்பாட்டு மேஜையில் நோட்டை வாங்கி, முதலிலிருந்து கடைசிவரை படித்தார். "எல்லாம் இருக்கு. என் தம்பி கேட்ட கேள்வி எத்தனாவதா இருக்கு?"

"அது... எல்லாத்துக்குள்ளயும் அடங்கிடும்" என்று பூசி மெழுகினார் டேப் அண்ணன். அவருடைய வலது கை பேண்ட் பைக்குள் இருந்த எதையோ உருட்டிக்கொண்டிருந்தது.

முதல் ஷோரூம் பெரியது. விற்பனையாளர் கழுத்தில் டை, தலையில் ஸ்டிக்கர் பிரிக்காத ஹெல்மெட். மேடையில் யானைக்குட்டி உயரத்துக்கு ஒரு மெஷின். பக்கத்தில் காய்ந்து, வழவழவென்று, நேர்நேராகக் கம்புகள் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றாகப் போட்டார், சாக்பீஸ் போலத் தின்றது.

"கொஞ்சம் இருங்க" என்று டேப் அண்ணன் பிக்கப்பின் பின்கதவைத் திறந்தார். காலையில் வெட்டிய ஈரக் கிளைகள், கவட்டைகள், முள்ளோடு காகிதப்பூ, பனை மட்டை.

"சார், இதெல்லாம் எதுக்கு?"

"எங்க மரம் இப்படித்தாங்க இருக்கு. நேரா வளரச் சொல்லிப் பாத்தோம், கேக்கல."

மெஷின் அதையும் தின்றது, குறை சொல்ல முடியாது. ஆனால் எடை, பிக்கப் இழுக்கக்கூடியதைப் போல இரண்டு மடங்கு. அகலமோ எட்டுக் கேட்டில் ஆறில் நுழையாது.

"வண்டியை மாத்திடுங்க சார்" என்றார் விற்பனையாளர் சுலபமாக.

"வண்டி எங்களுது, மாத்தலாம். கேட்டு அவங்களுது" என்று சொல்லிவிட்டு, டேப் அண்ணன் அடுத்த கடைக்குக் கிளம்பினார்.

இரண்டாவது கடையில் மஞ்சள் நிறத்தில் சின்ன மெஷின். பார்த்த உடனே பிடித்துப்போனது. எடை சரி, அகலம் சரி, சத்தமும் குறைச்சல். கத்தி மாற்ற ஒரே ஒரு ஸ்பானர். இருபது கேள்விக்கு மேல் சரியான விடை. சம்சாரம் வண்டியைத் திருப்பி நிறுத்தப் போயிருந்தார். டேப் அண்ணன் தன் கிளைக்கட்டு ஒன்றைக் கொண்டுவந்து போட ஆரம்பித்தார். முதல் கவட்டை வாய்க்குள் போகும்போதே அதன் ஒரு கை சிவப்புக் கம்பியில் இடித்தது. மெஷின் நின்றது. பொத்தானை அமுக்கினார்கள். அடுத்த கவட்டை, மறுபடி நின்றது. ஒரு கட்டு முடிவதற்குள் பதினாலு தடவை.

விற்பனையாளர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அந்தக் கம்பி கொஞ்சம் தொந்தரவுதான் சார். எடுத்துட்டுப் போறவங்க எல்லாரும் ஒரு கயித்தைப் போட்டு இழுத்துக் கட்டிடுவாங்க. நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க."

டேப் அண்ணனுக்கு முகம் வெளிறிப் போனது. குட்டு வெளிப்பட்டதுபோல நின்றார். ஆனால் அவர் சொல்லாதவரை அது யாருக்கும் வெளிப்படப் போவதில்லை. அதுதான் அந்த நாலு வாரமும் அவரைத் தின்றுகொண்டிருந்தது.

விபத்து நடந்த அன்றைக்கு மத்தியானத்துக்குள் பழைய மெஷின் முப்பத்தெட்டுத் தடவை நின்றிருந்தது. எண்ணாமல் இருப்பாரா? மூன்று மணிக்குத் தெருவைத் திறந்துவிட வேண்டும். மச்சினன் சாப்பிடக் கை கழுவப் போன நேரத்தில், டேப் அண்ணன் ஒரு முழக் கயிற்றை எடுத்து, சிவப்புக் கம்பியை அசையவிடாமல் இழுத்துக் கட்டினார். இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியை உள்ளே செருகி ஒரு முடிச்சு. பதினெட்டு வருஷமாகக் கிளைகளுக்குப் போடுகிற முடிச்சு. அது நழுவாது. சாயங்காலம் அவிழ்த்துவிடலாம் என்று நினைத்தார். விபத்துக்குப் பிறகு, சம்சாரம் தம்பியின் கையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது, யாரும் பார்க்காமல் அந்தக் கயிற்றை அறுத்துப் பையில் போட்டுக்கொண்டார். முடிச்சு அவிழாமல் அப்படியே பையில் கிடந்தது. மெஷின் மேல் தப்பு இருந்துவிடாதா என்றுதான் அவர் இருபத்தேழு கேள்வி எழுதினார்.

"பிடிச்சிருக்கா?" என்று கேட்டுக்கொண்டே சம்சாரம் வந்தார்.

"வேண்டாம்" என்றார். ஏன் என்று சொல்லவில்லை. எதற்கும் காரணம் சொல்லாமல் விடாத மனுஷன் சும்மா இருப்பதைப் பார்த்து, சம்சாரம் ஒரு நிமிஷம் அவரையே பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார்.

மறுநாள் சாணைக்கார அக்காவைத் தேடிப் போனார். அந்த வட்டாரத்தில் மரவேலைக்காரர்கள் எல்லாரும் கத்தியைத் தீட்ட அவரிடம்தான் கொண்டுவருவார்கள். தகரக் கொட்டகை, ஒரு சாணைக்கல், தண்ணீர்த் தொட்டி. சுவரோரம் துணி சுற்றிய கத்திகள், ஒவ்வொன்றின் மேலும் சாக்பீஸில் எண். முற்றத்தில் பூங்காத் துறையின் அரவை மெஷின் ஒன்று கத்தி மாற்ற வந்து நின்றது. நடுத்தர உடம்பு, ஆனால் வாய் மட்டும் புனல்போல அகலமாக விரிந்திருந்தது. டேப் தானாகக் கைக்கு வந்தது.

"அளந்துக்கோ, ஆனா அதோட ரத்த குரூப் எல்லாம் எங்கிட்ட கேக்காதே" என்றார் அக்கா. கத்தி மாட்டியதும் அதை ஓட்டிப் பார்க்க அவருக்கும் கிளை வேண்டியிருந்தது. டேப் அண்ணன் தன் கிளைக்கட்டு ஒன்றைக் கொடுத்தார். ஒரு கட்டுக்கு இரண்டே தடவைதான் நின்றது. பனை மட்டை மட்டும் சுற்றிக்கொண்டது. மற்ற கிளைகளோடு கலந்து போட்டால் போகும் என்றார் அக்கா.

ஏன் இரண்டே தடவை? டேப் அண்ணனால் சும்மா இருக்க முடியவில்லை. எஞ்சினை அணைக்கச் சொல்லிவிட்டுத் தரையில் மல்லாந்து படுத்து அளந்தார். கவட்டைகள் முழு விரிவோடு உள்ளே போகிற அகலம். சிவப்புக் கம்பியோ வாய்க்கு வெளியே, தொடை உயரத்தில், கீழ்விளிம்பைச் சுற்றி ஓடியது. கிளை அதற்கு மேலாகப் போய்விடுகிறது. ஆள் இழுபட்டால் தொடை முதலில் அதில்தான் இடிக்கும். வாய்க்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் தகரத் தட்டை மடித்தால் கேட்டில் நுழைய நாலு விரல் இடம் மிச்சம். படுத்தபடியே வெகுநேரம் அந்தக் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, மத்த மெஷின்ல இந்தக் கம்பியைக் கட்டிப் போடறாங்களாமே?"

"பாதி மெஷின்ல இங்க வரும்போதே கயித்துத் தடம் இருக்கும். பெயிண்ட் தேஞ்சிருக்கும். யார் கட்டினதுன்னு கேப்பேன். முதலாளி வேலையாளைச் சொல்வாரு, வேலையாளு முதலாளியைச் சொல்வான். இத்தனை வருஷத்துல நான்தான் கட்டினேன்னு சொன்ன ஒரு ஆளை நான் பாத்ததில்ல. கயிறு தானா வந்து கட்டிக்குது போல."

"நான்தான் கட்டினேன்க்கா" என்றார் டேப் அண்ணன், படுத்தபடியே.

அக்கா கையைத் துணியில் துடைத்துக்கொண்டே அவரைப் பார்த்தார். "சரி. இதை எங்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது?"

மாசக் கடைசி ஞாயிற்றுக்கிழமை காலை, புருஷனும் பெண்டாட்டியுமாக மச்சினன் அறைக்குப் போனார்கள். இரண்டாம் மாடியில் ஒற்றை ஜன்னல் அறை. ஜன்னல் கம்பியில் குடோன் சட்டை ஒன்று, மடிப்புக் கலையாமல், விலைச்சீட்டோடு தொங்கியது. மச்சினன் அக்காவுக்கு நாற்காலியைக் கொடுத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தான்.

டேப் அண்ணன் நோட்டைப் பிரித்தார். வாயின் அகலம் சொன்னார், எடை சொன்னார், கம்பியின் உயரம் சொன்னார், பதினாலும் இரண்டும் சொன்னார். அதே மாதிரி ஒன்றுக்குச் சொல்லி வைத்துவிட்டதையும் சொன்னார். மச்சினன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டான்.

"நல்ல மெஷின்தான் மாமா. ஆனா நான் கேட்டது பழைய மெஷினைப் பத்தி."

டேப் அண்ணன் பேண்ட் பைக்குள் கைவிட்டு, அந்த முடிச்சுக் கயிற்றை எடுத்துக் கட்டில்மேல் வைத்தார்.

"மெஷின் மேல தப்பில்ல மாப்ள. அது நிக்கத்தான் பாத்துச்சு. நான் கட்டிப் போட்டேன்."

சம்சாரம் கயிற்றைப் பார்த்தார், புருஷனைப் பார்த்தார். மச்சினன் கயிற்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தான்.

"தெரியும் மாமா. உங்க முடிச்சு எனக்குத் தெரியாதா? அன்னிக்கு சாப்பிட்டுட்டு வந்தவுடனேயே பாத்தேன்."

"பாத்தியா?"

"பாத்தேன். பாத்துட்டு, அப்பாடா இனிமே நின்னு நின்னு உயிரை வாங்காதுன்னு நானும் விட்டுட்டேன்." அவன் தலையைக் குனிந்துகொண்டான். "நீங்க சொல்லாம நான் எப்படி சொல்றது? நீங்க கட்டினீங்கன்னு சொன்னா, நான் ஏன் அவுக்கலன்னு கேப்பீங்க. அதுக்கு எங்கிட்ட பதில் இல்ல. இந்த நாலு வாரமா எனக்கும் தூக்கம் இல்ல மாமா."

"ஒருத்தர் கட்டினாரு, ஒருத்தன் பாத்துட்டு விட்டான்" என்றார் சம்சாரம். "நான் பக்கத்துல வண்டியில உக்காந்திருந்தேன். ஒருத்தரும் எங்கிட்ட சொல்லல. கையைக் கொடுடா." தம்பியின் வலது கையைப் பிடித்து, உள்ளங்கையையும் புறங்கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஐந்து விரலையும் ஒவ்வொன்றாகத் தொட்டார். அதற்குப் பிறகுதான் அழுதார். டேப் அண்ணனும் அழுதார், அதை மறைக்கவில்லை.

கிளம்பும்போது மச்சினன் ஜன்னலில் தொங்கிய சட்டையை எடுத்து மடித்தான். "விலைச்சீட்டு கிழிக்கல. திருப்பி எடுத்துக்குவாங்க" என்றான்.

முதல் தேதி காலை ஆஸ்பத்திரி வளாகம். புது மெஷின் இன்னும் பெயிண்ட் வாசனையோடு நின்றது. மச்சினன் கையில் சரியான சைஸ் கையுறை. இந்த முறை டேப் அண்ணன் கடைக்கே அவனைக் கூட்டிப்போய் விரல் விரலாக அளந்து வாங்கியிருந்தார். சம்சாரம் வண்டியின் ஓட்டுநர் இருக்கையில், கண்ணாடியில் பின்பக்கத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். டேப் அண்ணன் மேலேறி முதல் கிளையை இறக்கினார். மெஷின் தின்றது. இரண்டாவது, மூன்றாவது. பத்தாவது ஒரு பெரிய கவட்டை. அதைத் தூக்கி வைக்கும்போது மச்சினனின் தொடை சிவப்புக் கம்பியில் பட்டது.

உருளைகள் நின்றன. டேப் அண்ணன் மரத்தின் மேலிருந்து கீழே பார்த்தார். மச்சினனும் நிமிர்ந்து அவரைப் பார்த்தான். காலி ஆம்புலன்ஸ் ஒன்று வழிக்காகக் காத்திருந்தது, காவலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார், ஆனாலும் இவர்கள் அவசரப்படவில்லை.

வண்டி ஜன்னலிலிருந்து சம்சாரம் தலையை நீட்டினார். "என்னடா ஆச்சு? நின்னுடுச்சா?"

மச்சினன் கையுறையைக் கழற்றாமல், இரண்டு கையையும் மேலே தூக்கிக் காட்டினான்.

"நிக்குதுக்கா. நல்லா நிக்குது."